படம் காட்டி அமரும் பிள்ளைகள்

செங்கல்பட்டு நகரிலும், திருக்கழுக்குன்றம், திருப்போரூர்ச் சாலைகளிலும், கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வழியாகக் கல்பாக்கம் வரை நீளும் கடற்கரை ஊர்களிலும் முடிதிருத்தும் தொழில் செய்து வரும் பெரியோர்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கத்துடன் எழுதும் மடல்.

அன்பர்களே,

பங்குனி பிறந்து ஐ.பி.எல். ஆட்டங்கள் தொடங்கி, பள்ளிகளின் ஆண்டுத் தேர்வுகளும் ஒவ்வொன்றாக முடிந்துவிட்டால், உங்கள் கடைகளின் பெஞ்சுகளில் உட்கார இடம் இருப்பதில்லை என்பதையும், அங்கே காத்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து வைத்துக்கொண்டே அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. தன் முறை வந்ததும் நாற்காலியில் ஏறி, அந்தப் படத்தை இரண்டு விரல்களால் பெரிதாக்கி, "அண்ணா, இதே மாதிரி வேணும்" என்று பிள்ளை நீட்டுகிறானே, அந்த ஒரு கணத்தைக் குறித்தே இம்மடலை எழுதுகிறேன். படத்தில் இருப்பவர் பெரும்பாலும் மகேந்திர சிங் தோனி. இல்லையென்றால் விராட் கோலி. கால்பந்து ஆடுகிற பிள்ளையாயின் நெய்மாரோ கிறிஸ்டியானோ ரொனால்டோவோ. அவனுக்கு விடை சொல்லும் அதிகாரம் அந்தச் சமயத்தில் அவனுடைய தந்தையாரிடமும் இல்லை, பள்ளித் தலைமையாசிரியரிடமும் இல்லை. கத்தரிக்கோலையும் சீப்பையும் கையில் வைத்திருக்கும் உங்களிடமே இருக்கிறது. அந்த அதிகாரத்தை நீங்கள் முழுமையாகப் பிரயோகிக்க வேண்டும் என்பதும், படத்தை மறுத்துப் பிள்ளையை அவமதிக்காமலும், படத்தை அப்படியே நகலெடுத்து அவனை ஏமாற்றாமலும், அவன் விரும்பிய அழகை அவன் தலைக்குரியதாக மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பதுமே என்னுடைய வேண்டுகோள்.

விளையாட்டு வீரர்களின் சிகையைப் பிள்ளைகள் பின்பற்றுவதை ஒரு வியாதியாகக் கருதிப் பேசுவோர் பலர் உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. நம் தந்தையர் காலத்தில் சலூன் சுவர்களை அலங்கரித்தவை திரைப்பட நடிகர்களின் படங்கள், எம்.ஜி.ஆரின் சுருளும், பின்னாளில் ரஜினிகாந்தின் நெற்றியில் புரளும் கற்றையும் எத்தனை ஆயிரம் தலைகளில் ஏறின என்பதை உங்கள் கடைகளில் இருக்கும் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நடிகருடைய முடி பல சமயங்களில் ஒப்பனையாளர் சூட்டிய டோப்பா; அதைக் காற்று கலைக்காது, வியர்வை நனைக்காது. ஆட்டக்காரருடைய முடியோ தலைக்கவசத்தின் அடியில் பல மணி நேரம் நசுங்கி, வியர்வையில் ஊறி, கவசத்தை அவர் கழற்றிய மாத்திரத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் கலைந்து சரிவது. பிரயாசையின் நடுவே பிரத்தியட்சமாகக் காணப்படும் அந்த அழகைப் பிள்ளைகள் நம்புகிறார்கள். நம்புவதில் நியாயமும் இருக்கிறது. ஒரு பிள்ளை தன் அபிமான வீரனிடமிருந்து உடனே எடுத்துக்கொள்ளக் கூடியது அந்த முடி ஒன்றுதான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அவருடைய மட்டை விலையுயர்ந்தது. அவருடைய பயிற்சிக்குப் பல்லாண்டுகள் வேண்டும். முடிக்கோ நூறு, நூற்றைம்பது ரூபாயும் உங்களுடைய அரைமணி நேரமும் போதுமென்று அவன் எண்ணுகிறான்.

தோனியின் சிகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் 2008 முதல் சென்னை அணியின் உடைமையாகவும், நம் வட்டாரத்துப் பிள்ளைகள் மஞ்சள் சட்டையணிந்து செங்கல்பட்டிலிருந்து மின்தொடர் வண்டி ஏறிச் சேப்பாக்கம் போய்க் காணும் தரிசனமாகவும் ஆகிவிட்டவர் அவர். 2004 டிசம்பரில் வங்காளதேசத்துக்கு எதிராக அவர் முதன்முதலாக இந்திய அணியில் இறங்கியபோது, ஒரு பந்தையே சந்தித்து ஓட்டம் எதுவும் இல்லாமல் வெளியேறினார். நான்கு மாதங்களுக்குப் பின் விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் 148 ஓட்டங்கள் குவித்தபோது, தோளைத் தொடும் செம்மை படர்ந்த கூந்தல் ஒன்று இந்தியக் கிரிக்கெட்டுக்குள் பிரவேசித்ததை நாடு முழுவதும் கண்டது. 2006 பிப்ரவரியில் லாகூரில் நடந்த ஒருநாள் ஆட்டத்தின் பரிசளிப்பு மேடையில், பாகிஸ்தானின் அதிபராயிருந்த பர்வேஸ் முஷாரப், முடியை வெட்டிக்கொள்ள வேண்டாம், இதுவே நன்றாக இருக்கிறது என்னும் பொருள்பட அவருக்கு வெளிப்படையாகவே புத்திமதி கூறினார். எல்லையின் இருபுறமும் பகை மூண்டிருந்த இரண்டு தேசங்களுக்கிடையே ஒரு மனிதனின் தலைமுடி சிறிது நேரம் சிரித்துப் பேசுவதற்கான விஷயமாயிற்று. ஆயினும் 2007 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் முதலாவது இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்று திரும்பிய பின், தோனி அந்தக் கூந்தலைக் குறைத்துவிட்டார். 2011 ஏப்ரல் 2ஆம் தேதி மும்பையில் உலகக் கோப்பையை வென்ற இரவு கழிந்து மறுநாள் விடிந்தபோது, அவர் மொட்டைத் தலையுடன் காட்சி தந்தார். திருப்போரூர் முருகன் சன்னிதியில் காணிக்கை முடி இறக்கும் நம் மக்களுக்கு அதன் அர்த்தம் விளக்கப்பட வேண்டியதாக இருக்கவில்லை. பிறகு நரை கலந்த தாடி. பிறகு இடையிடையே உச்சி நிமிர்ந்த கோலங்கள். அதன்பின், 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மும்பையின் சிகைக் கலைஞர் ஆலிம் ஹக்கீம் அமைத்துக் கொடுத்த நீண்ட கூந்தலுடன் 2024ஆம் ஆண்டு ஆட்டங்களில் அவர் மீண்டும் தோன்றியபோது, முதற்கூந்தலைக் கண்டிராத ஒரு புதிய தலைமுறை அதைக் கண்டு ஆனந்தக் கூத்தாடியது.

இந்த வரலாற்றில் இரண்டு விஷயங்களை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். முதலாவது, ஆலிம் ஹக்கீம் என்னும் பெயர். அவருடைய தந்தையாரும் திரையுலகினருக்கு முடிதிருத்தியவர்தாம். அத்தொழிலைத் தந்தையிடமிருந்து பெற்று, தேசம் முழுவதும் தம் பெயர் சொல்லப்படும் கௌரவத்திற்கு அவர் உயர்த்தியிருக்கிறார். நம் நாட்டில் முற்காலத்தில் காயத்தைக் கீறி மருந்திட்டவர்களும், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகளும் உங்கள் குலத்திலேயே தோன்றினார்கள். மருத்துவர் என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறீர்கள். உங்கள் கைத்தொழிலுக்கு உரிய மரியாதையை ஊர் நெடுங்காலம் தர மறுத்தது என்பது நம் சமுதாயத்தின் தீராத குறை. பிள்ளை காட்டும் படத்தில் வீரனுக்குப் பின்னால் அந்த வித்தைக்காரரும் மறைந்து நிற்கிறார் என்பதை அறிந்தால், அந்தப் படம் உங்களுக்கு இடப்பட்ட உத்தரவாகத் தோன்றாது; சக தொழிலாளி ஒருவரின் வேலையாகத் தோன்றும். இரண்டாவது, காலம். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்வது. காதளவில் வெட்டிய முடி தோளைத் தொட இரண்டாண்டுகள் பிடிக்கும். அதற்குள் ஒரு பள்ளிப்பிள்ளை எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போய்விடுவான். படத்தில் உள்ள தோனியை அரைமணி நேரத்தில் தந்துவிட முடியாது என்பதை முதலிலேயே அவனிடம் அன்பாகச் சொல்லிவிட்டால், பாதி ஏமாற்றம் நீங்கிவிடும்.

நாடு கடந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். 2002ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரேசிலின் ரொனால்டோ, தலை முழுவதையும் மழித்து, நெற்றிக்கு மேலே மட்டும் அரைவட்டமாக ஒரு துண்டு முடியை விட்டுக்கொண்டு அரையிறுதியில் இறங்கினார். இறுதி ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல்களையும் அவரே அடித்துக் கோப்பையை வென்றார். பல நாடுகளில் சிறுபிள்ளைகள் அதே கோலத்துடன் பள்ளிக்குச் சென்றார்கள். பின்னாளில் அவர் அதன் காரணத்தைக் கூறினார்: எல்லோரும் தம் காலில் ஏற்பட்ட காயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததனால், அவர்கள் கவனத்தைத் திருப்பவே அப்படி வெட்டிக்கொண்டாராம். தங்கள் பிள்ளைகள் அதைப் பின்பற்றியதற்காகத் தாய்மார்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். வீரனுக்கு ஓர் உபாயமாக இருந்தது பிள்ளைகளுக்கு அலங்காரமாயிற்று. படத்திலுள்ள முடிக்கு அந்த மனிதனுடைய வாழ்க்கையில் ஏதோ ஒரு பிரயோஜனம் இருந்தது. அது பிள்ளையின் தலைக்கு வரும்போது அந்தப் பிரயோஜனம் கூடவே வருவதில்லை. ஆகவே அவன் தலைக்கு என்ன பிரயோஜனம் என்பதை அவனோடு சேர்ந்து கண்டுபிடிப்பது உங்கள் வேலையாகிறது.

அப்படிக் கண்டுபிடிக்கும் ஒருவரை, செங்கல்பட்டு ரயிலடிக்கு அண்மையில் ஒரு சிறிய கடையில், என் முறைக்காகக் காத்திருந்த ஒரு மாலையில் பார்த்தேன். பதின்மூன்று பதினான்கு பிராயமுள்ள பையன் ஒருவன் 2024ஆம் ஆண்டுத் தோனியின் படத்தைக் காட்டினான். கடைக்காரர் படத்தை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்தபின் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தண்ணீர் தெளித்து, பையனுடைய உச்சந்தலையில் விரல்களை ஓட்டி, பிடரிக்கு மேலே தடவி, "ரெண்டு சுழி இருக்கு தம்பி" என்றார். பிறகு கைக்கண்ணாடியைப் பின்னே பிடித்து, இரட்டைச் சுழியின் காரணமாக உச்சிமுடி எப்படி இரண்டு பக்கமாகப் பிரிந்து எழுகிறது என்பதை அவனுக்கே காட்டினார். "இதைக் குட்டையா வெட்டினா முள்ளு மாதிரி நின்னுக்கும். மேலே கை வைக்காம விட்டுடறேன். சைடுல மூணாம் நம்பர் போட்டு ஏத்தி விடறேன். கிருதாவைக் காது நடுவோட நிறுத்திக்கலாம். ரெண்டு மாசம் கழிச்சு வா, அப்புறம் பின்னாடி வளர்க்கலாமான்னு பாப்போம்" என்றார். பையன் சிறிது யோசித்துவிட்டு, "தோனி மாதிரி வருமாண்ணா?" என்று கேட்டான். "பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள வராது" என்று உண்மையைச் சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார். பையன் இறங்கும்போது கண்ணாடியில் தன் முகத்தை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். கைப்பேசியை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் கடைக்காரர் செய்தது, தையற்காரர் துணியை வெட்டுமுன் அளவெடுப்பது போன்ற காரியம். அளவு எடுக்கும் இக்கலைக்கு நம் வட்டாரத்திலேயே ஒரு மகத்தான பாடசாலை இருக்கிறது. மாமல்லன் என்று விருதுப்பெயர் பூண்ட முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனின் பெயரால் விளங்கும் அந்தக் கடற்கரை நகரத்தில், சுமார் 30 மீட்டர் அகலத்துக்குப் பரந்து கிடக்கும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன்னே, செவ்வாய்க்கிழமை உங்கள் கடைகளுக்கு விடுமுறையாயிருக்கும்போது, ஒரு நாள் காலையில் போய் நில்லுங்கள். அது அர்ச்சுனன் தபசா, கங்கையைக் கொணர்ந்த பகீரதன் தபசா என்பது அறிஞர்கள் முடிவு காணாத விவாதம். உங்களுக்கு அந்த விவாதம் முக்கியமில்லை. ஒற்றைக் காலில் நின்று கைகளை உயரத் தூக்கியிருக்கும் தவசியின் விலா எலும்புகளையும், அவன் தாடியையும், சடைமுடியையும் பாருங்கள்; அருகே நிற்கும் சிவபெருமானின் ஜடாமகுடத்தைப் பாருங்கள்; விண்ணில் மிதக்கும் தேவர்களின் உயர்ந்த மகுடங்களையும், வேடர்களின் தலைக்கட்டையும் பாருங்கள். ஒரே சிற்பத் தொகுதியில், ஒரே உளியால், ஒவ்வொரு ஜீவனுக்கும் அதனதன் வாழ்க்கைக்கேற்ற தலையை அமைத்த சிற்பிகள் ஒருவர் தலையை இன்னொருவருக்கு வைக்கவில்லை.

அந்த ஊரில் இன்றும் உளிச்சத்தம் ஓயவில்லை. 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் வளர்ந்து இன்று கல்லூரியாக நடக்கிறது. அங்கே பயிலும் மாணவர்கள் முதலில் கற்பது தாலமானம். முகத்தின் நீளத்தை ஓர் அளவாக வைத்துக்கொண்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை உருவம் முழுவதையும் கணக்கிடும் முறை அது. முகமே அளவுகோல் என்பது உங்களுடைய தொழிலுக்கும் பொருந்தும். நீண்டு ஒடுங்கிய முகமுள்ள பிள்ளைக்கு இரு பக்கங்களையும் பூஜ்ய நம்பரில் மழித்து உச்சியை உயர்த்திவிட்டால் முகம் மேலும் நீண்டு வாடித் தோன்றும். அவனுக்குப் பக்கங்களில் சற்று அடர்த்தி வேண்டும். வட்டமுகமுள்ளவனுக்கு அதே உயரம் நன்மை செய்யும். காது சற்று விரிந்திருப்பவனுக்குக் காதோரத்தில் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். மெஷினில் ஒன்றாம் நம்பர் ஏறக்குறைய 3 மி.மீ., இரண்டாம் நம்பர் 6 மி.மீ. என்னும் கணக்கு உங்களுக்கு உறக்கத்திலும் தெரியும். எந்த முகத்துக்கு எந்த நம்பர் என்பதைச் சொல்லத்தான் உங்களுடைய கண் தேவைப்படுகிறது. பேட் கட்டிங், பாக்ஸ் கட்டிங், ஒன் சைடு என்று எந்தப் பெயரில் கேட்டாலும், எத்தனை நம்பர், எங்கே தொடங்கி எங்கே கரைய வேண்டும் என்ற முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.

தாடி மீசை விஷயத்துக்கு வருகிறேன். 1983இல் உலகக் கோப்பையைத் தூக்கிய கபில்தேவின் அடர்ந்த மீசை ஒரு தலைமுறையின் மேலுதட்டில் குடியேறிற்று. 2013 மார்ச்சில் மொகாலியில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே 187 ஓட்டங்கள் எடுத்த ஷிகர் தவான் மீசையை முறுக்கியதையும், பிறகு பிடித்த பந்துக்கெல்லாம் கபடி ஆட்டக்காரரைப்போல் தொடையைத் தட்டியதையும் கண்டு, மீசை வளராத பிள்ளைகளும் வெறும் உதட்டை முறுக்கினார்கள். சென்னை அணிக்கு ஆடிய ரவீந்திர ஜடேஜாவின் மீசைக்கும், மட்டையை வாளாகச் சுழற்றும் அவர் வழக்கத்துக்கும் சென்னை ரசிகர்களிடையே இருந்த செல்வாக்கை நான் விவரிக்க வேண்டியதில்லை. விளையாட்டு வீரரல்லாத ஒருவரையும் இங்கே நினைவுகூர்கிறேன்: 2019 மார்ச் முதல் தேதி பாகிஸ்தானிலிருந்து விடுவிக்கப்பட்டு நாடு திரும்பிய நம் தமிழ்நாட்டுக் குடும்பத்து விமானி அபிநந்தன் வர்த்தமானின் கிருதா கலந்த மீசையை வேண்டி, அந்த வாரத்தில் நாடெங்கும் சலூன்களில் ஆண்கள் வரிசையில் நின்றார்கள். தைரியத்தின் மீது கொண்ட மரியாதையை மனிதர் முகத்தில் எழுதிக்கொள்ள விரும்பியதாகவே அதை நான் எடுத்துக்கொண்டேன்.

கோலியைப்போல் ஒழுங்குபடுத்திய தாடி வேண்டுமென்று வருகிற பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளின் முகத்தில் பெரும்பாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே ரோமம் இருக்கும். அடிக்கடி மழித்தால் அடர்த்தியாக வளரும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். மழிப்பதால் ரோமத்தின் எண்ணிக்கை கூடுவதில்லை. நுனி கூர்மையிழந்து மொட்டையாவதால் தடவும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. தாடி வளர்வது ஒவ்வொருவருக்கும் அவரவர் குடும்ப வாகையும் வயதையும் பொறுத்தது. இருபத்தைந்தாம் வயதில்தான் முகம் நிரம்பும் ஆண்களும் இருக்கிறார்கள். இதை மருத்துவர் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள். தலையில் வழுக்கைக்குத் தடவும் மினாக்சிடில் திரவத்தைத் தாமாகவே வாங்கி முகத்தில் தடவிக்கொள்ளும் வழக்கம் இளைஞர்களிடையே பரவியிருக்கிறது. அது இரத்த ஓட்டத்தோடு சம்பந்தப்பட்ட மருந்தாகையால் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

கடற்கரையோரத்து அன்பர்களுக்கென்று தனியே ஒரு வார்த்தை. கோவளத்து மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கில் பெற்ற கீர்த்தி எல்லோரும் அறிந்தது. 2013 முதல் அங்கே நடைபெற்ற விழாக்களும், 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்திலேயே நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியும், அதில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வென்ற வெண்கலமும் அந்தக் கரையின் பிள்ளைகளுக்குப் புதிய நாயகர்களைத் தந்திருக்கின்றன. நாள் முழுதும் வெயிலிலும் உப்புநீரிலும் கிடப்பவர்களின் முடி நுனியில் பொன்னும் செம்புமாகப் பழுத்துவிடுகிறது. நம் தாய்மார்கள் இதைச் செம்பட்டை என்பார்கள். செம்பட்டை விழாதிருக்க வேண்டுமென்று சனிக்கிழமைதோறும் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் தேய்த்து, பிள்ளையின் தலையை ஆட்டி ஆட்டிச் சீவினார்கள். இன்று கடலில் கால் நனைக்காத பிள்ளைகள் அதே நிறத்தைக் காசு கொடுத்து வாங்க வருகிறார்கள். கடல் பல மாதங்களில் செய்த வேலையைப் பெராக்சைடு கலந்த பிளீச் நாற்பது நிமிடத்தில் செய்யும்போது, முடியின் புறத்தோடு உரிந்து, உள்ளிருக்கும் நிறம் கரைந்து, முடி நார்போல் ஒடியத் தொடங்குகிறது. தலைத்தோலில் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகலாம். கறுப்புச் சாயங்களில் பல, பாரா-பினைலின்-டைஅமின் என்னும் இரசாயனம் கலந்தவை. ஒவ்வாமை உள்ளவருக்குக் கண்ணும் முகமும் வீங்கி மருத்துவமனைக்குப் போகும்படி நேர்ந்துவிடும். சாயத்தைக் காதின் பின்புறம் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்தபின் பூசுவது முறை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பிளீச்சும் சாயமும் போடுவதில்லை என்று ஓர் அறிவிப்பைக் கண்ணாடியின் மேல் ஒட்டிவிடுங்கள். வருமானத்தில் சிறிது குறையும் என்பது எனக்குத் தெரிந்தே இதைக் கேட்கிறேன்.

புருவத்தில் கோடு, காதுக்கு மேலே மின்னல், பிடரியில் அணியின் சின்னம் என்று கத்தியால் கோலமிடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அழகைப் பற்றிய சண்டை எனக்கு இதில் இல்லை. கத்தியைப் பற்றிய கவலையே இருக்கிறது. கோடு போடும் கத்தி தோலைத் தொடாமல் கோடு போட முடியாது. பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியை ஒருவருக்கும் மறுபாதியை மற்றவருக்கும் வைப்பதில் தவறில்லை; ஆனால் ஒருவருக்கு வைத்த பாதியைக் கூட்ட நெருக்கடியில் கழுவிவிட்டு அடுத்தவருக்கு வைக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி, கண்ணுக்குத் தெரியாத உலர்ந்த இரத்தப் பிசிறில் குறைந்தது 7 நாள்கள் உயிரோடிருக்கும். எல்லார் கன்னத்திலும் ஒரே படிக்காரக் கல்லைத் தேய்ப்பதும் அத்தகைய அபாயமே. படிக்காரத்தைத் தூளாக்கிப் பஞ்சில் எடுத்து வையுங்கள். படர்தாமரை சமீப ஆண்டுகளில் சாதாரண மருந்துக்கு அடங்காத பிடிவாதத்துடன் பரவுகிறது. மெஷினின் பற்களையும் சீப்பையும் ஒவ்வொரு தலைக்குப் பின்னும் ஸ்பிரிட்டில் துடைத்தால் கடையில் அது தொற்றும் அபாயத்தைக் குறைக்கலாம். சிரத்தையோடு இதைச் செய்துவரும் கடைகளை நான் அறிவேன். மற்றவர்களும் அவர்களைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காகவே விவரித்தேன்.

இனி, என் மனத்தை மிகவும் வருத்தும் விஷயம். தமிழ்நாட்டில் பல ஊர்களில், மாணவர்களுக்கு இன்னின்னவாறு வெட்டக் கூடாது என்று தலைமையாசிரியர்கள் முடிதிருத்தும் நிலையங்களுக்குக் கடிதம் எழுதியதையும், காவல்துறையினர் கடைக்காரர்களை அழைத்துப் பேசியதையும், பள்ளி வாசலிலேயே பிள்ளைகளின் முடி கத்தரிக்கப்பட்டதையும் செய்தித்தாள்களில் படித்துவருகிறோம். பள்ளிக்கென்று ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நண்பர்கள் பார்த்திருக்க, ஆசிரியர் கையிலிருக்கும் கத்தரிக்கோலால் ஒரு பிள்ளையின் தலையில் பள்ளம் விழும்போது, அங்கே வெட்டப்படுவது முடி மாத்திரம் என்று நினைக்க என்னால் முடியவில்லை. புள்ளிங்கோ என்று ஒரு சொல் இப்போது வழங்குகிறது. முதலில் தோழர்கள் தமக்குள் அன்பாக அழைத்துக்கொண்ட அச்சொல், சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளை இழிவாகக் குறிப்பதற்குப் பயன்படலாயிற்று. பக்கம் மழித்து உச்சி வளர்த்த அதே சிகையை வசதியான வீட்டுப் பிள்ளை மாமல்லபுரத்து விடுதிக்கு வரும்போது வைத்திருந்தால் அதை நாகரிகம் என்கிறோம். மீன்பிடிக் குப்பத்துப் பிள்ளையோ செங்கல் சூளைத் தொழிலாளியின் மகனோ வைத்திருந்தால் அவன் குணத்தைச் சந்தேகிக்கிறோம். இந்த அநீதியில் உங்கள் கத்தரிக்கோலை எவரும் கருவியாக்கிக்கொள்ள நீங்கள் இடம் தரக்கூடாது. ஒரு பிள்ளையின் குணத்தை அவன் தலைமுடியிலிருந்து படிக்க முடியாது என்பதை, ஆயுள் முழுவதும் எல்லாவிதத் தலைகளையும் கையில் ஏந்தியிருக்கும் உங்களைக் காட்டிலும் உறுதியாகச் சொல்லத் தகுதியுள்ளவர் யார்?

ஆகையால் என் யோசனை இது. ஜூன் மாதத்தில் பள்ளி திறப்பதற்கு முன்பாக, விடுமுறைச் செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றில், உங்கள் சங்கத்தின் சார்பாகச் செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களையும் பெற்றோர்களையும் அழைத்து உட்காருங்கள். அவர்கள் உங்களுக்கு விதி எழுதி அனுப்பும் நிலை மாறி, நீங்களும் அவர்களும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்: பள்ளி நாள்களில் பக்கங்களில் மூன்றாம் நம்பருக்குக் கீழே மெஷின் இறங்குவதில்லை, கோடும் சாயமும் இல்லை, உச்சிமுடி நெற்றியை மறைக்காத அளவுக்கு வைத்துக்கொள்ளலாம், ஏப்ரல், மே விடுமுறையில் பிள்ளை விரும்பும் கோலத்துக்கு அவனுடைய தலைக்குப் பொருந்திய அளவில் அனுமதி உண்டு, எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை, முடி நீண்டிருந்தால் பிள்ளையை உங்களிடம் அனுப்புவார். முடிதிருத்துவோர் நல வாரியத்தில் இன்னும் பதிவு செய்துகொள்ளாத இளைஞர்களை அதே கூட்டத்தில் பதியச் செய்வதும் எளிது. கூட்டத்துக்கு நாளும் இடமும் குறித்துச் சொன்னால், தலைமையாசிரியர்கள் சிலரை அழைத்து வரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நாற்காலியில் நெடுநாளாக அமர்ந்துவரும் செங்கல்பட்டுவாசி ஒருவன்.